கம்சாயினியின் விரதம்

வாவிக்கரையில் துணி சரியாகக் காய்வதில்லை. எங்கள் குளச்சலிலும் உப்புக்காற்றுதான், ஆனால் அங்கே கடலில் அலையாவது உண்டு. இங்கே தண்ணீர் அசையாமல் கிடக்கிறது, துணியும் கொடியில் அப்படியே கிடக்கிறது. அந்த ஈரச் சேலையைக் கண்டுபிடித்ததாக உங்கள் சார்ஜன்ட் பெருமைப்பட்டுக்கொண்டார். பாவம், பெருமைப்பட அதில் என்ன இருக்கிறது? ஜெபக்கூடத்துக்குப் பின்னால், எல்லாப் பிள்ளைகளின் துணியும் காயும் கொடியில்தான் நானும் அதைப் போட்டேன். ஒளித்து வைக்கிற பழக்கம் எனக்கில்லை.

எழுதுகிறவருக்கு வசதியாக மெதுவாகவே சொல்கிறேன். சொல்வதெழுதுதல் நான் நிறைய நடத்தியிருக்கிறேன்.

எங்கள் சபை மூலமாக ஆங்கிலம் கற்பிக்க இந்த நாட்டுக்கு வந்தேன். கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் சொன்னார்கள். அதற்குள் அப்பா போனார், அம்மா போனாள், தம்பி வீட்டை விற்றுவிட்டான். நான் இங்கேயே தங்கிவிட்டேன். விடுதிப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை மணியடித்ததும் முடிவதில்லை. பேன் பார்க்க வேண்டும், காய்ச்சலுக்குக் கஞ்சி கொடுக்க வேண்டும், சண்டை தீர்க்க வேண்டும். முதன்முதலாகப் பெரியபிள்ளையாகி அழுகிறவளுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். அதிலெல்லாம் எனக்கு அலுப்பே வந்ததில்லை. விடுமுறை நாட்கள்தான் பயம். எல்லாரையும் யாராவது வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். மெத்தையைச் சுருட்டிவைத்த கட்டில்களுக்கு நடுவே நான் மட்டும் நடந்துகொண்டிருப்பேன். அந்தப் பயத்தை யாரிடமும் சொல்ல முடிந்ததில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

கம்சாயினி வந்தபோது அவளுக்குப் பத்து வயது. ஊர் மண்டூர். தகப்பன் வேறொரு குடும்பத்தோடு போய்விட்டான். தாய் வதனி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். விடுமுறைக்குப் போக அவளுக்கு இடமில்லை. எல்லாருடைய ஆட்டோவும் போன பிறகு படியில் அவளும் நானும் நின்றோம். அன்று ஒரே தட்டில் சாப்பிட்டோம். 'ஆமா' என்று சொல்லாமல் 'ஓம்' என்று சொல்ல வேண்டும் என்று எனக்குத் திருத்தம் சொன்னாள். நான் பிழைவிடும்போதெல்லாம் சிரிப்பாள். அதற்காகவே பல நாள் வேண்டுமென்றே பிழைவிட்டேன்.

எங்கள் விடுதியில் பிள்ளைகள் கைபேசி வைத்திருக்கக்கூடாது. வெளிநாட்டில் வேலை செய்யும் தாய்மார் வெள்ளிக்கிழமை பின்னேரம் என்னுடைய கைபேசிக்கு எடுப்பார்கள். விறாந்தையில் வரிசையாகப் பிள்ளைகள் நிற்பார்கள். பேசி முடித்ததும் மற்றவர்கள் விளையாடப் போய்விடுவார்கள். கம்சாயினி மட்டும் சுருண்டு படுத்துவிடுவாள். அன்றிரவும் சாப்பாடு இல்லை, மறுநாள் காலையும் இல்லை. ஆறிவருகிற புண்ணை வாராவாரம் பிய்த்துவிட்டால் அது எப்போது ஆறும்? நீங்களும் ஒரு தாய் என்று நினைக்கிறேன். உங்களுக்கு விளங்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை சிக்னல் இல்லை என்று அவளிடம் சொன்னேன். அந்த வாரம் நன்றாகச் சாப்பிட்டாள். அடுத்த வாரம் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று தாயிடம் சொன்னேன். பிறகு, அவள் உங்கள்மேல் கோபமாக இருக்கிறாள், பேசமாட்டேன் என்கிறாள், கொஞ்ச நாள் விடுங்கள் என்றேன்.

"என்னத்துக்குக் கோவம் எண்டு கேட்டுச் சொல்லுங்க மிஸ். நான் ஒண்டும் பேசமாட்டன். அவள்ட மூச்சுச் சத்தம் கேட்டாலும் போதும்" என்றாள் வதனி.

அதற்குப் பிறகு குரல்பதிவாக அனுப்பத் தொடங்கினாள். "மகள், அம்மா கதைக்கிறன். இந்த வீட்டுல ஒரு பூனை இரிக்கி, உன்னப்போலதான், பால் குடிக்கக்குள்ள கண்ண மூடிக்கும்." இப்படி ஒவ்வொரு வாரமும் ஏதாவது வரும். எல்லாவற்றையும் நான் கேட்டேன். ஒன்றைக்கூட அழிக்கவில்லை. ஒரு தாயின் குரலை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. கைபேசி இப்போது உங்களிடம் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

போன மாரியில் வதனியிடமிருந்து எந்தத் தகவலும் இல்லாமல் போயிற்று. வாரம் வாரமாக ஒன்றுமில்லை. வெளியே மழை, வாவி நிறைந்து பள்ளிக்கூட வேலிவரை வந்துவிட்டது. கம்சாயினி ஒவ்வொரு பின்னேரமும் வந்து, "அம்மா எடுத்தவவா மிஸ்?" என்று கேட்பாள். இல்லை என்றால் திரும்பிப் போவாள், மறுநாள் அதே கேள்வி. காத்திருக்கிற பிள்ளையின் முகத்தை நீங்கள் தினமும் பார்த்ததில்லை. எனக்குத் தாங்க முடியவில்லை. அதற்கு ஒரு முடிவு கொடுக்க என்னால்தான் முடியும் என்று தோன்றிற்று. ஜெபம் செய்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். அம்மா குவைத்தில் வாகனம் மோதி இறந்துவிட்டாள், அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள் என்று சொன்னேன்.

யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னேன். பொறுப்பேற்க ஆளில்லாத பிள்ளை என்று தெரிந்தால் சிறுவர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள், நான் உன்னை வைத்துக்கொள்கிறேன் என்றேன். கெட்டிக்காரப் பிள்ளை. வகுப்பில் அழாமல், ஜெபக்கூடத்தில் அழாமல், என் அறைக்கு வந்து என் மடியில் முகத்தைப் புதைத்து அழுவாள். ஒருநாள் அழுது முடித்து நிமிர்ந்து, "அம்மா" என்றாள். பிழையாகச் சொல்லிவிட்டதுபோலப் பார்த்தாள். பிழையில்லை என்றேன்.

அதற்குப் பிறகுதான் வதனி எடுத்தாள். எசமானி கைபேசியைப் பறித்து வைத்திருந்தாளாம். நான் என்ன செய்யட்டும்? இறந்தவர்களை எழுப்புவது என்னைப் போன்ற ஆசிரியைகளின் வேலையில்லை. கம்சாயினி நன்றாக இருக்கிறாள், இன்னும் கோபம் தீரவில்லை என்றேன். அது நடந்துகொண்டே போயிருக்கும். எல்லாரும் ஒருவாறு பழகிப்போயிருந்தோம்.

என் கருணைதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. சித்திரை மாதத்தில் கம்சாயினி வந்து, "நாளைக்குப் பறுவம், நான் விரதம். பின்னேரம் கஞ்சி மட்டும் குடிக்கிறன்" என்று கேட்டாள். பறுவம் என்றால் இங்கே பௌர்ணமி; கோயில் திருவிழா ஏதோ என்று நினைத்தேன். எங்கள் விடுதியில் சாப்பாட்டை மறுப்பது ஒழுங்கில்லை. ஆனாலும் பிள்ளையின் நம்பிக்கையில் கைவைப்பவள் நானில்லை. நானே சமையலறைக்குப் போய், கம்சாயினிக்குப் பறுவ விரதமாம், கஞ்சி காய்ச்சிக் கொடுங்கள் என்று சின்னத்தங்கத்திடம் சொன்னேன். சின்னத்தங்கம் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு அரிசியைக் களைந்தாள்.

சித்திராப் பறுவ விரதம் தாயை இழந்தவர்களுக்கு மட்டுமே உரியது என்று எனக்கு யார் சொல்லித்தந்தார்கள்? நான் கிறிஸ்தவள், அதிலும் வேறு நாட்டுக்காரி. சின்னத்தங்கத்துக்கும் ஊர் மண்டூர்தான். அந்த ஞாயிற்றுக்கிழமையே வாவியைக் கடந்து ஊருக்குப் போய், வதனியின் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு சண்டை பிடித்திருக்கிறாள். "என்னகா, வதனி மோசம்போனத்த எனக்கு ஒரு சொல்லுச் சொல்லல்லியே நீங்க?" மோசம்போவது என்றால் இங்கே சாவது; அந்தப் பெண் உடனே குவைத்துக்கு எடுத்து வதனியிடமே சொல்லியிருக்கிறாள்.

ஆனியில் ஒரு சனிக்கிழமை வதனி வந்தாள். இரவு விமானத்தில் இறங்கி நேரே பஸ் ஏறியிருந்தாள். பிள்ளைகள் ஜெபக்கூடத்தில் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள், காவலாளி சாப்பிடப் போயிருந்தார். வாயிற்கதவைத் திறந்தது நான்தான். ஒரு பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். குரலில் தெரிந்தவளை முகத்தில் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. கம்சாயினியின் நெற்றி அது.

பிள்ளைகள் வாவிக்கு அக்கரையில் படுவான்கரைத் தேவாலயத்துக்குப் பாடப் போயிருக்கிறார்கள், பாலம் சுற்றிப் போனால் நேரமாகும், பள்ளிக்கூடத் தோணியில் போகலாம் என்றேன். தோணி எனக்குக் கைவந்த வேலை. அப்பாவிடம் பழகியது. வதனி சிரித்துக்கொண்டே ஏறினாள். வயல்கார வீட்டுப் பிள்ளை, வாவிக்கரையில் பிறந்தும் நீச்சல் தெரியாது என்று தானே சொன்னாள். நாங்கள் துறையை விட்டு விலகும்போது பாட்டுச் சத்தம் கேட்டது. இவ்வளவு நல்லாப் பாடுறது ஆரு மிஸ் என்று கேட்டாள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் என்றேன்.

பையைத் திறந்து ஒரு சட்டையைக் காட்டினாள். நீலச் சட்டை, பத்து வயதுப் பிள்ளையின் அளவு. கம்சாயினி இப்போது என் தோளுக்கு வருவாள்.

"உசிரோட இரிக்கிற தாய்க்குப் புள்ள அந்த விரதம் பிடிக்கப்படா மிஸ். கேட்ட நேரத்துல இரிந்து எனக்குப் பச்சத்தண்ணி இறங்கல்ல. அவள்ட அப்பன்ட ஆக்கள்தான் நான் செத்திட்டன் எண்டு சொல்லியிருப்பாங்க. அதுதான் என் புள்ள கதைக்காம இரிந்திரிக்கி" என்றாள். பிறகு துடுப்புப் பிடித்திருந்த என் கையைத் தொட்டாள். "நீங்க இல்லாட்டி என்ர புள்ள என்னாகியிருக்கும் மிஸ். உங்களுக்கு இனிக் கரைச்சல் இல்ல. நான் திரும்பிப் போகல்ல. இண்டைக்கே அவளக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போறன்."

கரைச்சல் என்றால் தொந்தரவு; அந்தச் சொல் என்னைத் தைத்தது. அன்று கம்சாயினி வீட்டுக்குப் போனால் இரவில் அந்தக் கட்டில் வெறுமையாக இருக்கும். அடுத்த விடுமுறையிலும் நான் கட்டில்களுக்கு நடுவே நடப்பேன். ஒரு பிள்ளை என்னைப் பார்த்து, நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கும். எந்தக் கேள்விக்கும் பதிலில்லாமல் நான் வகுப்பில் நின்றதில்லை.

நடுவில் ஓர் இடத்தில் ஆழம் அதிகம், நீருக்கடியில் பள்ளமாகக் கிடங்கு இருக்கிறது என்று காவலாளி எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். தோணியில் எழுந்து நிற்கக்கூடாது என்று அப்பா சொல்லித்தந்திருக்கிறார். அந்த இடத்தில் நான் எழுந்து நின்றேன்.

அவ்வளவுதான். நான் அவளைத் தள்ளவில்லை. அவள் ஒரு கையை நீட்டினாள், மற்றக் கையால் பையைப் பிடித்திருந்தாள். பையை விட்டிருந்தால் கவிழ்ந்த தோணியையாவது பிடித்திருக்கலாம். நான் நீந்திக் கரைக்கு வந்தேன், உடை மாற்றினேன், சேலையைப் பிழிந்து கொடியில் போட்டேன். பாட்டுப் பழக்கம் முடிந்து பிள்ளைகள் வந்தார்கள். தலை ஏன் நனைந்திருக்கிறது என்று கம்சாயினி கேட்டு, துவாலை எடுத்துவந்து துடைத்துவிட்டாள்.

மீன்பிடிக்கிறவர்கள் உடலைக் கொண்டுவந்த பிறகு அவளைக் கூட்டிப்போய்க் காட்டினீர்களாம். அது சரியில்லை. ஒரு பிள்ளை ஒரே தாயை இரண்டு முறை இழக்க வேண்டுமா? அவள் மனநிலையை யாராவது யோசித்தீர்களா? என்னிடம் கேட்டிருந்தால் பக்குவமாகச் சொல்லியிருப்பேன். முதல் முறையும் நான்தானே சொன்னேன்.

என்னைப் பார்க்கமாட்டேன் என்று சொல்வதாகச் சொன்னீர்கள். கோபம் இருக்கும். கொஞ்ச நாள் விடுங்கள். அவளுக்கு இனி யார் இருக்கிறார்கள்?

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். இனி அவளை எந்த விடுதியில் வைத்தாலும் அங்கே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். வருகிற சித்திராப் பறுவத்துக்கும் அவள் விரதம் இருப்பாள். தடுக்க வேண்டாம், பின்னேரம் கொஞ்சம் கஞ்சி கொடுக்கச் சொல்லுங்கள். இந்த முறை அதில் பிழை ஒன்றும் இல்லை.