சுரங்கத்தின் மறுவாசல்

உங்கள் போனின் சார்ஜ் வாயில் பஞ்சு அடைத்திருக்கிறது, தம்பி. கால்சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்பவர்களுக்கு அப்படித்தான் ஆகும். ஊசியால் குத்தாதீர்கள், உள்ளே ஒரு சின்ன நாக்கு இருக்கிறது, வளைந்துவிடும். மரப் பல்குச்சி போதும். இப்படி மேஜைமேல் வையுங்கள், பேசிக்கொண்டே எடுத்துத் தருகிறேன்.

பிளாஸ்டிக் பைக்குள் இருக்கும் அந்த இன்னொரு போனைத் திறந்து தரத்தானே என்னை இந்தப் போலீஸ் நிலையத்துக்கு அழைத்தீர்கள்? ஸ்ரென்யானின் ஊரில் பூட்டிய போனைத் திறக்க இந்தப் பெர்சிதாவை விட்டால் ஆளில்லை என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். பொய்யில்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் என் கடை. கணவர் இருந்தவரை வானொலிப் பெட்டி பழுது பார்த்தோம். அவர் போன பிறகு நானாகவே உடைத்து, நானாகவே ஒட்டி, போன் வேலை கற்றுக்கொண்டேன்.

அது துன்யாவின் போன், அதற்கு என் உதவி அதிகம் தேவைப்படாது. கடவுச்சொல் அவள் மகள் ஊனாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த தேதி. அதைத் தேர்ந்தெடுத்தவளே நான்தான். ஆனால் திறந்தாலும் நீங்கள் தேடுவது அதற்குள் இருக்காது. அது என் கடையின் பின்னறையில், காப்பிப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில், ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியில் இருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

துன்யாவுக்கும் வெல்கோவுக்கும் நான் கூமா. நீங்களும் இந்த ஊர்ப் பிள்ளைதான், அதன் அர்த்தத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேவாலயத்தில் மெழுகுவர்த்தி பிடித்து அவர்கள் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றேன். அவர்கள் மகளைத் தொட்டியில் முக்கி எடுத்து ஊனா என்று பெயர் வைத்தேன். வானத்தில் கடவுள், மண்ணில் கூமா என்பார்கள். எனக்குப் பிள்ளை கிடையாது. அந்த மெழுகுவர்த்தியோடு ஒரு குடும்பமே என் கைக்கு வந்ததாக நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் வசந்தத்தில் துன்யா கடைக்கு வந்தாள். வெயில் அடித்தும் கழுத்தில் சால்வை. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"கூமா, நான் எங்க போனாலும் அவனுக்குத் தெரிஞ்சுடுது," என்றாள். "டாக்டர்கிட்ட போனா வாசல்ல நிக்கிறான். அம்மா வீட்டுக்குப் போனா எனக்கு முன்னாடி சோபாவுல உக்காந்திருக்கான். இந்தப் போனைச் சுத்தம் பண்ணிக் குடுங்க. நான் பிள்ளையைக் கூட்டிட்டுப் போறேன்."

நல்லபடியாகவே செய்து கொடுத்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், என் வேலையில் குறை கிடையாது. கம்பெனி ஏற்றிக் கொடுத்த சிஸ்டத்தை அடியோடு அழித்துவிட்டு, யாருக்கும் சேதி சொல்லாத வேறொரு சிஸ்டத்தை ஏற்றினேன். வெல்கோ வைத்திருந்த வேவு ஆப் அதோடு ஒழிந்தது. அதன்மேல் ஒரு விபிஎன் போட்டேன். அது ஒரு சுரங்கம் மாதிரி, தம்பி. நீங்கள் எங்கிருந்து எங்கே போகிறீர்கள் என்று வெளியே நிற்பவனுக்குத் தெரியாது. ஆனால் எந்தச் சுரங்கத்துக்கும் மறுவாசல் ஒன்று உண்டு; அங்கே ஒருவர் உட்கார்ந்திருக்கத்தான் வேண்டும். காசு வாங்கும் கம்பெனிக்காரன் உட்காருவான், இல்லாவிட்டால் தெரிந்தவர் யாராவது.

"முன்பின் தெரியாதவனை ஏன்டி நம்பணும்? என் கடைப் பெட்டி வழியாவே போகட்டும்," என்றேன்.

அவள் என் கையை எடுத்து முத்தமிட்டாள். அந்த வாரமே பிள்ளையோடு ஊரைவிட்டுப் போனாள்.

அவள் என்ன படித்தாள், யாருக்கு என்ன எழுதினாள் என்பது எனக்குத் தெரியாது. இணையத்தில் எந்தெந்தத் தளத்தின் வாசலில் போய் நின்றாள் என்பது மட்டும் தெரியும். காலையில் காப்பி போட்டுக்கொண்டு திரையைப் பார்ப்பேன். கிகிந்தா ஊரின் பஸ் நேரம். கிகிந்தாவில் ஒரு மருந்துக்கடை. குழந்தைகள் செருப்பு விற்கும் இடம். அட, பிள்ளைக்குக் கால் வளர்ந்துவிட்டது என்று சிரித்துக்கொள்வேன். தனியாக இருப்பவளுக்கு அது ஒரு துணை. அவளைப் பெற்ற தாய்க்குக்கூட அந்த அளவு தெரியாது.

கோடையில் வெல்கோ தன் போனுக்குக் கண்ணாடி மாற்றக் கடைக்கு வந்தான். பசை காயும்வரை முக்காலியில் உட்கார்ந்து அழுதான்.

"கூமா, உயிரோட இருக்காளான்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் கேக்கலை."

"நல்லாத்தான் இருக்கா. கிகிந்தாவுல காத்து ஜாஸ்தி, பிள்ளைக்குத்தான் இருமல் போல," என்றேன்.

வாய் தவறி வந்தது என்று நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். வேண்டாம். ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டும் என்று எண்ணித்தான் சொன்னேன். கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவள் அது உடைவதைக் கை கட்டிப் பார்க்கக் கூடாது.

அவன் ஒன்றும் செய்யவில்லை. கிகிந்தாவில் ஊனாவின் மழலையர் பள்ளிக்கு எதிரே ஒரு பை பீச் பழத்தோடு நின்றான், அவ்வளவுதான். ஆனால் துன்யா அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி என் கடைக்கு ஓடிவந்தாள். பக்கத்து ரொட்டிக்கடையில் பிள்ளைக்குப் பாலாடைக்கட்டி வைத்த ஒரு பூரேக் வாங்கிக் கொடுத்தேன். துன்யா போனை என் மேஜைமேல் வைத்தாள்.

"எப்படி கூமா? சொல்லுங்க, எப்படி?"

போனைப் பிரித்தேன். உருப்பெருக்கியை வைத்து நெடுநேரம் பார்த்தேன். பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. அவள் முகத்தைப் பார்த்தபோது, ஏதாவது ஒரு பதில் அவளுக்குத் தேவை என்று தோன்றியது.

"உங்க அம்மா போன்லதான்டி ஓட்டை. ஒண்ணும் தெரியாத மனுஷி, எதையெல்லாமோ அமுக்கி வச்சிருப்பாங்க. கொஞ்ச நாளைக்கு அவங்ககிட்ட பேசாத," என்றேன்.

அன்றோடு அவள் தாயிடம் பேசுவதை நிறுத்தினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குக் கூப்பிட ஆரம்பித்தாள்.

அப்போது போனை இன்னும் இறுக்கினேன். பாதுகாப்பையும் வசதியையும் ஒரே தராசில் வைத்தால் ஒரு தட்டு ஏற, மற்றது இறங்கும். இது எல்லாரும் சொல்வதுதான், உண்மையும்கூட. மேப்பை எடுத்தேன். படங்கள் தானாகச் சேமிப்பதை எடுத்தேன். பேங்க் ஆப் புது சிஸ்டத்தில் ஓடமாட்டேன் என்றது. ஓடவைக்க ஒரு வழி உண்டு. அதை நான் அவளிடம் சொல்லவில்லை. கஷ்டம் முற்றினால் மனிதர்கள் வீடு திரும்புவார்கள் என்பது என் கணக்கு. குளிர் வந்ததும் பூனை திரும்புவதில்லையா.

அவள் திரும்பவில்லை. நாட்டின் மறுகோடிக்கு, நெகோடினுக்குப் போய்விட்டாள். ஒரு ரொட்டிக்கடையில் வேலை. ஞாயிறுதோறும் சிரித்துக்கொண்டே குறை சொல்வாள்.

"கூமா, இந்தப் போன்ல பேங்க் திறக்கலை, பஸ் திறக்கலை, மேப்பு திறக்கலை. டார்ச் மட்டும் பிரமாதமா எரியுது."

"அது போதாதா? இருட்டுல வழி தெரியுமே."

"எந்த வழின்னு தெரியணுமே. சம்பளம் எடுக்க ஓய்வூதியத் தாத்தாக்களோட வரிசையில நிக்கிறேன். ஒருத்தர் என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியான்னு கேட்டுட்டார்."

"பல் இருக்கா அவருக்கு?"

"மேல் வரிசை இருக்கு."

இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது. நான் கல்நெஞ்சக்காரி அல்ல.

நவம்பரில் ஒரு ஞாயிறு அவள் சிரிக்கவில்லை.

"கூமா, தப்பா நினைக்காதீங்க. இந்தச் சுரங்கம் ரொம்ப மெதுவா இருக்கு. மழலையர் பள்ளியில பெற்றோருக்கு அனுப்புற சேதி எதுவும் எனக்கு வரதில்லை. ஊனாவை மட்டும் வேஷம் போடாம விழாவுக்கு அனுப்பிட்டேன், பிள்ளை நாள் பூரா அழுதிருக்கு. கடையில ஒரு பையன் சொல்றான், வேற விபிஎன் இருக்காம், வேற மாதிரி சிஸ்டமும் போடலாமாம். எல்லா ஆப்பும் ஓடுமாம். உங்களுக்கும் பாரம் குறையும்."

"பாரமா? யார் சொன்னா பாரம்னு?"

"ஐயோ, அப்படி இல்ல கூமா. அம்மாகிட்டயும் பேசணும்போல இருக்கு. அவங்க போனையும் அந்தப் பையன் சரிபார்த்துத் தரேங்கிறான்."

மறுநாள் காலை திரையில் பார்த்தேன். ஒரு விபிஎன் கம்பெனியின் வாசலில் நின்றிருக்கிறாள். பிறகு இன்னொன்று. மூன்றாவதில் வெகுநேரம். காப்பி ஆறிப்போய்விட்டது. இதற்கும் பின்னால் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் கேட்டுவிடுவீர்களே என்று நானே முந்திக்கொண்டு சொல்கிறேன்.

டிசம்பரில் வெல்கோ வீட்டு ஸ்லாவாத் திருநாள் வந்தது. அவர்களுக்குக் குலப் புனிதர் நிக்கோலா. அன்றைக்கு யாரையும் யாரும் அழைப்பதில்லை, யாருக்கும் கதவைச் சாத்துவதும் இல்லை. கூமா போகாவிட்டால்தான் ஊர் பேசும். நோன்புக் காலம் என்பதால் மீன். மேஜைத் தலைமாட்டில் என்னை உட்கார வைத்தார்கள். எனக்குப் பக்கத்தில் துன்யாவின் நாற்காலி. அதற்கு முன்னால் ஒரு வெறுந்தட்டு. வேகவைத்த கோதுமையை வெல்கோவின் தாய் ஸ்மில்யா கொண்டுவந்தாள். மருமகள் கையால் வர வேண்டிய கிண்ணம் அது.

வெல்கோவின் மாமன் இரண்டு கிளாஸ் ராக்கியா போட்டிருந்தார்.

"ஏம்மா கூமா, உடைஞ்ச போனைச் சரி பண்ணிட்டு ஆறு மாசம் வாரண்டி தர்றீங்களே. எங்க பையன் கல்யாணத்துக்கு ஒரு நாள் வாரண்டிகூடக் கிடையாதா?"

மேஜை முழுக்கச் சிரித்தது. "சாட்சி கையெழுத்து மட்டும்தான், சர்வீஸ் கிடையாதாம்," என்றது இன்னொரு குரல். நானும் சிரித்தேன்.

கிளம்பும்போது வெல்கோ எனக்குக் கோட்டு மாட்டிவிட்டான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது எனக்குப் பிடித்தது. நெகோடின் என்றேன். மழலையர் பள்ளியின் பெயரையும் சொன்னேன். வாரநாள் எல்லாம் என் திரையில் அவள் தட்டிய வாசல், எனக்கு மனப்பாடம்.

"கூட்டிட்டு வாப்பா. நல்லபடியா பேசிக் கூட்டிட்டு வா," என்றேன்.

நல்லபடியா என்ற சொல்லைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் பள்ளி வாசலில் நிற்கவில்லை, அவள் பின்னாலேயே வீடுவரை போனான் என்பதும், படிக்கட்டடியில் அவள் செத்துக் கிடந்ததும், நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். விழுந்தாள் என்கிறான் அவன். விழுந்தவள் கழுத்தில் விரல் பதியாது என்கிறீர்கள் நீங்கள். படத்தைக் காட்ட வேண்டாம். அந்தக் கழுத்தை எனக்குத் தெரியும். வசந்தத்தில் சால்வை நழுவியபோதே பார்த்துவிட்டேன்.

ஆமாம், பார்த்தேன். தெரிந்துதான் ஊரைச் சொன்னேன், தெரிந்துதான் பள்ளியைச் சொன்னேன். ஊனா மேல்படியில் நின்றாள் என்றீர்கள். அது மட்டும் எனக்குத் தெரியாது.

கடைச் சாவி இதோ. பெட்டியைக் கழற்றும்போது முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். ஒரு சின்னப் பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருக்கும். அணைக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் வேறு கம்பெனிக்குப் போகவில்லை, தம்பி. கடைசி நாள்வரை என் வழியாகத்தான் போனாள்.

உங்கள் போனை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டுவிட்டீர்கள். பஞ்சு அப்படியேதான் இருக்கிறது. பரவாயில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். ஊனா இப்போது துன்யாவின் தாயிடம் இருக்கிறாள். அந்த அம்மாவுக்குப் போன் விஷயம் ஒன்றும் தெரியாது, நான் சொன்னேனே. இன்னும் இரண்டு வருஷத்தில் பிள்ளை பெரிய பள்ளிக்கூடம் போவாள், ஒரு போன் தேவைப்படும். கண்டவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். நான் எங்கே இருந்தாலும் என்னிடம் கொண்டுவரச் சொல்லுங்கள். நான் அவளுடைய கூமா. யாராலும் அவளைக் கண்டுபிடிக்க முடியாதபடி நானே செய்து தருகிறேன்.