எண்பத்து மூன்றாம் மணி

மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டத் தெரிந்தவர்கள் இந்தத் தொழிலில் மிகக் குறைவு. பலர் அவசரத்தில் பக்கத்து மாத்திரையையும் சேர்த்துக் கீறிவிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக வெட்டுகிறேன், என் கையில் ஒன்றுகூடச் சேதமானதில்லை. என் கையெழுத்தும் அப்படித்தான். அதனால் நீங்கள் காகிதத்தை நீட்டி, நடந்ததை எழுதிக் கொடுங்கள் என்றதும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகவே இருந்தது.

எங்கள் தெருவின் கடைசி வீட்டுத் தையல்காரி பெரிய ஆஸ்பத்திரியில் மூச்சுக் குழாயோடு படுத்திருக்கிறாள். பிழைப்பாளா என்பது இந்த வாரத்துக்குள் தெரிந்துவிடும் என்கிறார்கள். அதற்காகத்தான் மருந்தாளுநர் கவுன்சில் உங்களை விசாரணைக்கு அனுப்பியிருக்கிறது. ஏழாம் மாதத்திலேயே எடுத்த குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் நன்றாக இருக்கிறதாம். கேட்டதிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இந்த வட்டாரத்தில் ஒன்பது மருந்துக்கடைகள். அவசரக் கருத்தடை மாத்திரையைப் பற்றி விஷயம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சந்தைமுனைக் கடைக்காரர் அதைக் கருக்கலைப்பு மாத்திரை என்று சொல்லி, கேட்டு வருகிறவளை மேலும் கீழும் பார்ப்பார். தங்கிவிட்ட கருவை அது ஒன்றும் செய்யாது என்பதுகூட அந்த மனிதருக்குத் தெரியாது. பேருந்து நிலையத்துக்காரர் ஒரு இரவு கடந்துவிட்டாலே பயனில்லை என்று திருப்பி அனுப்புவார். சீக்கிரம் விழுங்க விழுங்க நல்லது, நான் விற்கும் மாத்திரைக்கு எழுபத்திரண்டு மணி நேரம் கெடு, விழுங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொன்று. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பெண்கள் என்னைத் தேடி வந்ததில் ஆச்சரியமில்லை.

முதல் தடவை நான் ஒன்றும் செய்யவில்லை, மேடம். நிஜமாகவே சரக்கு வரவில்லை. லாரி நான்கு நாள் தாமதம். பேருந்து நடத்துநராக இருக்கும் ஒரு பெண் அன்று வெறுங்கையோடு போனாள். ஒரு வருடம் கழித்து இடுப்பில் ஒரு குண்டுப் பையனோடு வந்து நின்றாள்.

"அக்கா, அன்னைக்கு உங்க கடையில மாத்திரை இருந்திருந்தா இந்தப் பய இல்ல" என்று சொல்லிச் சிரித்தாள். பையன் என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு உயிர், கைகால் முளைத்து, என் கடை வாசலில் எச்சில் ஒழுக நிற்கிறது, அதற்குக் காரணம் நான் சொன்ன 'இல்லை' என்ற ஒரு சொல். அன்று முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே மருந்து கொடுத்தேன். சர்க்கரை நோய்க்காரர் ஒருவர், "என்னம்மா, லாட்டரி விழுந்துச்சா?" என்று கேட்டார்.

அப்புறம் லாரியை நம்பி நான் இருக்கவில்லை. வருகிறவளிடம் முதலில் மெல்லிய குரலில், "எத்தனை மணிக்கும்மா?" என்று கேட்பேன். விரல் விட்டு எண்ணுவேன். கெடு எப்போது முடிகிறதோ அதற்குப் பிறகு வரச் சொல்வேன். வேறு கடைக்குப் போகட்டுமா என்று கேட்டால், அந்தக் கடைக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று உள்ளது உள்ளபடி சொல்வேன். அதில் பொய் சொல்ல வேண்டிய அவசியமே வராது. திரும்பி வரும்போது புன்னகையோடு மாத்திரையைக் கொடுத்து, தண்ணீரும் கொடுத்து, "கவலைப்படாம போங்க" என்று அனுப்புவேன். நிம்மதியாகப் போவார்கள். ஒருத்தரைக்கூட அழவிட்டதில்லை.

எல்லாம் காய்த்துவிடாது, பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனாலும் எட்டு வருடத்தில் பதினொன்று. பெயர்கள் எனக்கு நிற்பதில்லை, எத்தனையாவது மணியில் மாத்திரை கொடுத்தேனோ அதைத்தான் பெயராக வைத்துக்கொள்வேன். எழுபத்தாறு இப்போது பள்ளிக்குப் போகிறது. எண்பதுக்கு ஓயாத சளி. எழுபத்தொன்பதின் அம்மாவுக்குப் பதினெட்டு வயதுகூட முடியவில்லை, இப்போது ஊரில் இல்லை, குழந்தை யாரிடம் வளர்கிறதோ. சாலையில் ஒன்றைக் கண்டால் போதும், அன்று எனக்குச் சாப்பாடே வேண்டாம்.

தையல்காரிக்கு ஏற்கெனவே இரண்டு. இதய வால்வில் கோளாறு, இன்னொரு பிரசவம் உடம்பு தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவர் எழுதும் மருந்துச் சீட்டு மாதாமாதம் என் கைக்குத்தான் வரும். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கடை திறந்ததும் திறக்காததுமாக வந்தாள். கழுத்தில் அளவு நாடாகூட அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. நேற்று இரவு பத்து மணி என்றாள். பதினோரு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

"தீந்துடுச்சேம்மா. வெள்ளிக்கிழமை காலைல வந்துடும்" என்றேன்.

"அதுவரைக்கும் தாங்குமாக்கா? எனக்குப் பயமா இருக்கு. புள்ளைங்க ரெண்டும் சின்னது."

"நான் இருக்கேன்ல. எதுக்குப் பயம்?"

சட்டென்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள். வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குச் சரியாக வந்தாள், எண்பத்து மூன்று மணி நேரம். மாத்திரையைக் கொடுத்தேன். என் எதிரிலேயே விழுங்கினாள்.

மாட்டிக்கொண்டதற்கு என் அசட்டுப் பெருமைதான் காரணம். இடையில் புதன்கிழமை, மருந்துக்கடைக்காரர்களுக்கு இந்த மாத்திரையைப் பற்றி எவ்வளவு தெரிகிறது என்று கணக்கெடுக்க இரண்டு பெண்கள் படிவத்தோடு வந்தார்கள். இருபது கேள்விக்கும் டாண் டாண் என்று பதில் சொன்னேன். இவ்வளவு தெரிந்தவரை இதுவரை பார்த்ததில்லை என்றார்கள். கடைசிக் கேள்வி, 'தற்போது கையிருப்பில் உள்ளதா?' என்பது. இல்லை என்று சொன்னால் என்ன நினைப்பார்கள்? கீழ் இழுப்பறையைத் திறந்து பன்னிரண்டு அட்டைகளையும் மேஜைமேல் பரப்பி, விசிறி மாதிரி கையில் பிடித்து அவர்கள் போனில் படமும் எடுத்துக்கொண்டேன். அந்தப் படத்தைத்தான், ஓரத்தில் தேதியோடு, இன்று காலை நீங்கள் என் முன்னால் வைத்தீர்கள். நன்றாகத்தான் விழுந்திருக்கிறேன்.

ஆமாம், மாத்திரை இருந்தது. அவள் இதயம் தாங்காது என்று தெரிந்தும் இல்லையென்றேன். மற்றவர்களிடமும் அப்படியே சொன்னேன். யாருக்கும் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. பிள்ளைகள் மேல் உள்ள ஆசை, அவ்வளவுதான். தையல்காரிக்கு ஒன்று ஆகிவிட்டால் எனக்கும் வருத்தம்தான். நல்ல பெண், என் ரவிக்கைகளை அவள்தான் தைப்பாள்.

எழுத உட்காரும்முன் நீங்கள் கதவருகே நின்று, "உங்க பொண்ணு இப்படி வந்து நின்னிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டீர்கள். அதற்கும் பதில் எழுதிவிடுகிறேன், விட்டுப்போக வேண்டாம். வந்தாள், மேடம். போன வருடம், கல்லூரி இரண்டாம் ஆண்டில், சமையலறையில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. செருப்புக்கூடப் போடாமல் கடைக்கு ஓடி எடுத்துவந்து, என் கையாலேயே அவள் வாயில் போட்டேன். இன்னும் படிப்பு முடியவில்லை, வாழ்க்கையே முன்னால் கிடக்கிறது. குழந்தை பெற்றுக்கொள்வது என்ன விளையாட்டா, மேடம்?