அம்மாவுக்கு ஒரு இன்டர்வியூ

கம்பத்திலிருந்து தேனி போகிற காலை பஸ். முன் சீட்டில் காலேஜ் பிள்ளைகள் இரண்டு பேர். ஒருத்தி சொன்னதைக் கேட்டதும் நான் போனை மூடி வைத்துவிட்டேன்.

"எங்கம்மாவ நேத்து நான் ரிஜெக்ட் பண்ணிட்டேன்டி."

"அடிப்பாவி! எதுல?"

"வீட்ல யாரையாச்சும் இன்டர்வியூ எடுத்து, வேலைக்குச் சேப்பியா மாட்டியான்னு எழுதியாரச் சொன்னாகல்ல எச்.ஆர். பாடம் எடுக்குற மேடம். அம்மா மலைல ஏலக்காத் தோட்டத்து வேல முடிஞ்சு வந்து, மூஞ்சி கழுவி, நல்ல சேல கட்டிக்கிட்டு எதுக்க உக்காந்துச்சு."

"சரி."

"அஞ்சு வருசம் கழிச்சு எங்கன இருப்பீகன்னு கேட்டேன். 'மலைக்குப் போக மாட்டேன், ஜீப்புல ஏற மாட்டேன். வீட்ல விடியுற வரைக்கும் தூங்குவேன்'னுச்சு."

"வெளங்கும். எந்தக் கம்பெனி எடுக்கும்?"

"அதான் எடுக்க முடியாதுன்னுட்டேன். மூஞ்சியே சுருங்கிப்போச்சு."

"கோவமா?"

"இல்லடி. இன்னைக்கு விடியுமுன்ன தோட்டத்து ஜீப்புக்காரன் வந்து ஹாரன் அடிக்கிறான், அம்மா தூக்குவாளியோட வாசல்ல நின்னுக்கிட்டு, 'அந்தக் கேள்விய இன்னொருக்கா கேளு, வேற பதில் சொல்றேன்'னுச்சு."

"கேட்டியா?"

வீரபாண்டியில் ஆள் ஏறி, பஸ் கிளம்பியது.

"கேக்கல. மொதல்ல சொன்னதே இருக்கட்டும்மான்னுட்டேன்."