தூணுக்குப் பின்னால ரெண்டு நாள்

இல்லண்ணே, நான் எங்கயும் ஓடிடப் போறதில்ல, அந்த வாக்கி டாக்கியைக் கொஞ்சம் கீழ வைங்க. உக்காந்தே பேசலாம். ஆனா இந்தப் பக்கமாத் தள்ளி உக்காருங்க. உங்க யூனிஃபார்ம்ல இருக்கிற பித்தளை பட்டனெல்லாம் பளபளன்னு மின்னுது, அவரு திரும்பினா மொதல்ல உங்களைத்தான் பாப்பாரு. ஆங், அப்படி. இப்ப தூண் ரெண்டு பேரையும் மறைக்குது.

ஆமா, நேத்துலேர்ந்து அந்தக் குடும்பத்துக்குப் பின்னாலதான் சுத்திட்டு இருக்கேன். உங்க ஓட்டல் கேமராவுல பாத்திருப்பீங்க. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு ஒரு பொம்பளை சின்னப் பிள்ளைங்களையே முறைச்சுப் பாத்துட்டு உக்காந்திருந்தா கேக்கத்தான் செய்யணும். ஒரு நாள் லேட்டாக் கேக்குறீங்க, அவ்வளவுதான் என் வருத்தம்.

அந்தக் கண்ணாடிச் சுவருக்கு அந்தாண்ட பாருங்க. பிளாஸ்டிக் பந்துக் குளத்துல இடுப்பு வரைக்கும் முங்கிக் கெடக்குறாரே தாடிக்காரர், அது என் வீட்டுக்காரர். அவர் மண்டையில பந்தால அடிக்கிறது பெரியவன், ஏழு வயசு. பந்துக்குள்ள மொத்தமா மூழ்கி காலு மட்டும் தெரியுதே, அது சின்னவ. நாலு வயசு. நான் அதுங்களைப் பெத்தவ.

நம்ப முடியலையா? இந்தாங்க, போன்ல போட்டோ. இதுல ஒருத்தராவது கேமராவைப் பாக்குறாங்களா? அதுவே அசல் குடும்பம்கிறதுக்கு அத்தாட்சி.

அவருக்குத் தெரியாதுண்ணே. நான் வீட்டுல, வேலை முடியாம மாட்டிக்கிட்டு இருக்கேன்னு நெனச்சிட்டு இருக்காரு. என் வேலை என்னன்னு சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். பொம்மை சோதிக்கிறவ நான். கரடி பொம்மையோட கண்ணைக் கிடுக்கியில பிடிச்சு இழுப்பேன். கார் பொம்மையைச் சுவத்துல அடிப்பேன். குழந்தை என்னென்ன அக்கிரமம் பண்ணுமோ அதையெல்லாம் குழந்தைக்கு முன்னாடி நான் பண்ணிப் பாத்துடணும். இப்ப கம்பெனி வேற தேசத்துல ஒரு பெரிய சோதனைக்கூடம் தொறக்குது. அதை ரெண்டு வருஷம் நடத்திக் குடுன்னு என்னைக் கேக்குது. ஃபேக்டரி வாசல்லயே ஒரே ரூம் குவார்ட்டர்ஸ். பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போக வழி இல்ல. வரேனா இல்லையான்னு இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லியாகணும்.

நீ போ, நான் பாத்துக்கிறேன்னாரு இவரு. ரொம்ப சுலபமாச் சொன்னாரு, ஏதோ கடைக்குப் போயிட்டு வான்னு சொல்ற மாதிரி. அதனாலதான் இந்த ஏற்பாடு. ரெண்டு நாள் லீவுல பெரிய ஊருக்குப் போய்ப் பிள்ளைங்களோட சந்தோஷமா இருந்துட்டு வாங்க, எனக்கு வேலை இருக்குன்னு அனுப்பி வச்சுட்டு, அதே ரயில்ல கடைசிப் பெட்டியில நானும் ஏறிட்டேன்.

ஏமாத்துறதா? சோதனைண்ணே அது. உன் கண்ணைப் பிடுங்கப் போறேன்னு கரடிகிட்டச் சொல்லிட்டா பிடுங்குறோம்?

சரி, நேத்து நடந்ததைக் கேளுங்க. ரயிலை விட்டு இறங்கும்போதே சின்னவளுக்குச் செருப்பு கால் மாறி இருந்தது. இப்பவும் மாறித்தான் இருக்கு. ஒரு மனுஷன் முழுசா ரெண்டு நாளா அதைப் பாக்கலை! பாடப் புத்தகத்துக்குப் படம் வரையறது இவருக்குத் தொழில். தவளையை அறுத்துப் போட்டா எந்தக் குடல் எங்க போகுதுன்னு கண்ணை மூடிட்டுச் சொல்வாரு. பஸ் எங்க போகுதுன்னு தெரியாது. பார்க்குக்குப் போற பஸ்னு நெனச்சு டெப்போவுக்குப் போற பஸ்ல ஏத்தினாரு. நான் பின் சீட்டுல பேப்பரை விரிச்சு வச்சுட்டு உக்காந்திருக்கேன். பேப்பர்ல ஓட்டை போடலண்ணே, அவ்வளவு கேவலமாப் போகல. கடைசி ஸ்டாப் வந்து எல்லாரும் இறங்கியாச்சு. வேற ஆளா இருந்தா வெக்கப்படும். இவரு டிரைவர்கிட்டப் பேச்சுக் குடுத்து, அந்த ஆளு கதவு பட்டனைப் பிள்ளைங்களை அமுக்கச் சொல்லி, தொறக்குது, மூடுது, தொறக்குது, மூடுது. ஒரு ஊரு பூரா சுத்திப் பாக்கக் கெடக்கு, இவங்க பஸ் கதவைப் பாத்துட்டு இருக்காங்க.

அப்புறம் அருங்காட்சியகத்துக்குப் போனாங்க. அதை ஏன் கேக்குறீங்க. திமிங்கிலத்தோட எலும்புக்கூடு தொங்குது, ஒரு தெரு நீளத்துக்கு. அதுக்குக் கீழ பலகையில உலகின் மிகப் பெரிய மீன்னு எழுதி வச்சிருக்கான். மீனாம்! பால் குடுக்குற மிருகம்ணே அது! ஒளிஞ்சிருக்கேன்கிறதையும் மறந்து மேனேஜரைக் கூப்பிடப் போயிட்டேன், நல்லவேளை நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். இவங்க மூணு பேரும் அதை நிமிந்துகூடப் பாக்கலை. கை கழுவற இடத்துல சுவத்துல ஒரு மிஷின் இருக்கு பாருங்க, கையை நீட்டினா சுடு காத்து ஊதுமே, அதுக்கடியில மாத்தி மாத்தித் தலையைக் காட்டிக்கிட்டு நிக்கிறாங்க. கூட்டம் வரிசையில காத்துட்டு இருக்கு. இவரு மூணாவது ஆளாத் தாடியைக் காட்டுறாரு!

சாப்பாட்டைப் பத்திக் கேக்காதீங்க. ஐஸ்கிரீம், சிப்ஸ், மறுபடி ஐஸ்கிரீம். பச்சையா எதையாவது தின்னாங்களான்னா, தின்னாங்க. பார்க்குல சின்னவ ஒரு இலையைக் கடிச்சா. செடியிலயே இருந்த இலை.

இவங்களை மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. உங்க ஓட்டல்ல தங்கியிருக்கிற குடும்பம் எல்லாத்தையும் பாத்துட்டேன். காலையில டிபன் தட்டு முன்னாடி உக்காந்து, சிரி, சிரின்னு பிள்ளையை மிரட்டிப் போட்டோ எடுக்குது ஒரு அம்மா. வண்டியைத் தள்ளிட்டுப் போற ஒரு அப்பன், வண்டியில பிள்ளை இல்லைங்கிறதையே லிஃப்டுல ஏறின பிறகுதான் பாத்தான். வீட்டுல போடுற அதே சண்டையைப் பெட்டியில மடிச்சு வச்சு, வேற ஊருக்குத் தூக்கிட்டு வந்து பிரிச்சுப் போடுறதுக்குப் பேரு சுற்றுலா. உங்களுக்கு இது தெரியாததா, தினம் பாக்குறீங்க.

ராத்திரி அவங்க ரூமுக்கு நேர் கீழ் ரூமைக் கேட்டு வாங்கினேன். மேல தடதடன்னு ஓட்டம். அந்தச் சத்தத்துக்கு நடுவுல போன் பண்ணாரு. அருங்காட்சியகம் முழுக்கப் பாத்தோம்னாரு. பாத்தீங்களா? பிள்ளைங்க காய்கறி நல்லாச் சாப்பிடுதுன்னாரு. பச்சைப் பொய், அதையும் மூச்சு விடாமச் சொல்றாரு. சின்னவகிட்டக் குடுங்கன்னேன். அவ இப்ப ரொம்ப பிஸி, நாளைக்குப் பேசுவாளாம்னாரு.

அதேதாண்ணே, நீங்க சொல்றதைத்தான் நானும் நெனச்சேன். இவ்வளவு குறை இருக்கே, அப்புறம் என்ன யோசனை, வரலைன்னு கம்பெனிக்குச் சொல்லிட்டு வீட்டோட கெடக்கலாமேன்னு. எவ்வளவு ஆசையா வந்தேன் தெரியுமா அதுக்கு? ஆனா எங்க தொழில்ல குறையில ரெண்டு வகை உண்டு. பெயிண்ட் வழிஞ்சிருக்கும், வாய் கோணியிருக்கும், ஒரு காது சின்னதா இருக்கும். பாக்க அசிங்கம், அவ்வளவுதான். அதைக் கடைக்கு அனுப்பலாம். இன்னொரு வகை, பிள்ளைக்கு அடிபடுறது. அது இருந்தாத்தான் நான் நிறுத்த முடியும். ரெண்டு நாளா நான் எடுத்து வச்சது பூரா மொதல் வகை. அந்த ரெண்டாவது ஒண்ணே ஒண்ணு கிடைச்சுடாதான்னு தூண் தூணா ஒளிஞ்சிட்டு இருந்தேன்.

கிடைச்சுதே. இன்னைக்குக் காலையில, பார்க்குல தண்ணி பீச்சியடிக்கிற குளத்துப் படியில. சின்னவ ஓடி வந்து குப்புற விழுந்தா. முட்டி சிராய்ச்சு ரத்தம். அவரு எங்க? குளத்துக்கு அந்தக் கோடியில பெரியவனோட காகிதக் கப்பல் விட்டுட்டு நிக்கிறாரு. நான் கைக்கெட்டுற தூரத்துல ஒரு மரத்துக்குப் பின்னால. மாட்டினாரு மனுஷன்னு நெனச்சேன், மனசுக்குள்ள ஒரு குதிகூடக் குதிச்சேன், பொய் எதுக்குச் சொல்றேன். கண்ணாடியைக் கழட்டிட்டு வெளிய வந்து ரெண்டு கையையும் நீட்டிட்டேன்.

சின்னவ என்னைப் பாத்தாண்ணே. நல்லாவே பாத்தா. யாரோன்னு நெனக்கல, அம்மான்னு வாய்விட்டுச் சொன்னா. கூப்பிடுற மாதிரி இல்ல. படத்தைக் காட்டினா இது யானைம்பாளே, அப்படி. சொல்லிட்டு எழுந்தா. என்னைச் சுத்திக்கிட்டு, அந்தக் கோடி வரைக்கும் நொண்டிக்கிட்டே அவர்கிட்ட ஓடினா. அவரு பாட்டில் தண்ணியால கழுவி விட்டாரு, ஊதினாரு, ஏதோ சொன்னாரு, இவ சிரிச்சா. அம்மா அங்க நிக்கிறான்னு சொல்லிடுவாளோன்னு மறுபடி மரத்துக்குப் பின்னால போயிட்டேன். சொல்லல போல. இல்ல, சொல்லி அவருதான் நம்பலையோ என்னமோ.

கம்பெனிக்குச் சொல்ல வேண்டிய பதிலா? அதை அங்கயே அனுப்பிட்டேனே. அந்த மரத்தடியிலேர்ந்தே. வரேன்னுதான்.

வேண்டாம், அவரைக் கூப்பிடாதீங்க. தண்ணியும் வேண்டாம், நல்லாத்தான் இருக்கேன். பதில் போட்டாச்சுன்னா இன்னும் எதுக்கு ஒளிஞ்சு உக்காந்திருக்கன்னு கேக்குறீங்க, நியாயந்தான். அந்தப் பந்துக் குளத்தை எப்ப மூடுவீங்க? அது வரைக்கும் இருந்துக்கிறேண்ணே. இப்ப குறை எதுவும் பாக்கல. சும்மா பாத்துட்டு இருக்கேன்.