நாப்பத்திமூணு வாழ்த்து

சரி... குட்டியா ஒரு சங்கதி சொல்லிட்டு மேல போறேன். நம்ம பேட்ச் சங்கதிதான். சம்பந்தப்பட்ட ரெண்டு பேரும் முன் வரிசையில உட்கார்ந்து என்னை முறைக்கிறாங்க. முறைங்கப்பா, நான் சொல்லத்தான் போறேன்.

எண்பத்தெட்டுல பாலிடெக்னிக் முடிச்சு வெளிய வந்தோமே, அப்போ நமக்கு நெட்வொர்க் எது? போஸ்ட் கார்டு! லைப்ரரியில பேப்பர் பார்ப்போம். ‘ஆட்கள் தேவை’ எவன் கண்ணுல முதல்ல படுதோ, அவன் அங்கேயே உட்கார்ந்து மத்தவங்களுக்கு எல்லாம் கார்டு எழுதுவான். நம்ம சவரிமுத்து எழுத்து ஞாபகம் இருக்கா? எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். விலாசம் எழுதுற பக்கத்துலயும் ரெண்டு வரி நுழைச்சிருவான்.

ஒரு தடவை ஓசூர்ல ஒரு கம்பெனி. இடம் ஒண்ணே ஒண்ணு. சவரிமுத்து தானும் மனு போடுறான்... போட்டுட்டு, வேடசந்தூர்ல சும்மா இருந்த ஜபருல்லாவுக்கும் கார்டு எழுதுறான். “இடம் ஒண்ணுதான். நீயும் போடு. இன்டர்வியூவுக்கு நானும் வர்றேன், பஸ் ஸ்டாண்டுல நில்லு.”

ரெண்டு பேரும் ஒரே பஸ்ல போனாங்க. வேலை யாருக்குக் கெடைச்சது? ஜபருல்லாவுக்கு. திரும்பி வர்றப்போ சவரிதான் புரோட்டா வாங்கிக் கொடுத்திருக்கான். எப்படி இருந்தோம் நாம... இல்லையா?

இப்ப போன வருஷத்துக்கு வாங்க. சவரி வேலை பார்த்த கம்பெனியில ஆட்குறைப்பு. அம்பத்தி நாலு வயசுல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மக காலேஜ்ல கடைசி வருஷம். வெளிய சொல்ல அவனுக்குக் கூச்சம். வேலை தேடுற சைட்ல பழைய கம்பெனி பேரை எடுத்துட்டு, ‘கன்சல்டன்ட்’னு போட்டு வச்சான். சைட்டுக்கு என்ன தெரியும்? “சவரிமுத்து புதுப் பொறுப்பு ஏத்திருக்கார், வாழ்த்துங்க”ன்னு நம்ம எல்லாருக்கும் தண்டோரா போட்டுருச்சு.

வந்து குவியுது வாழ்த்து! நாப்பத்திமூணு. “கலக்கு மாப்ள”, “பெருமையா இருக்கு”, கைதட்டுற பொம்மை, பூங்கொத்து... வேலை போன மனுஷன்யா அவன்! ஒவ்வொண்ணுக்கும் “நன்றி”ன்னு பதில் போட்டிருக்கான். வேற என்ன செய்வான், பாவம்?

ஒருத்தன் மட்டும் வாழ்த்தல. ஜபருல்லா. அவன் ஃபோன் பண்ணான்.

“சவரி... கன்சல்டன்ட்னு போட்டிருக்கே. வேலை போயிருச்சாடா?”

சவரி அழுதுட்டான். நாப்பத்திமூணு பேர் வாழ்த்துனப்போ வராத அழுகை. ஜபருல்லா, அவன் அழுது முடிக்கிற வரைக்கும் ஃபோனைக் காதுல வச்சிருந்திருக்கான். ஜபருல்லா இப்போ ஊர்ல லேத் பட்டறை வச்சிருக்கான்ல? அவன் சாமான் அனுப்புற கோயம்புத்தூர் பம்ப் கம்பெனியில, தரம் பார்க்க அனுபவம் உள்ள ஆள் தேடிக்கிட்டு இருந்தாங்க. அதைச் சொல்லிட்டு, கடைசியா ஒண்ணு சொன்னான்.

“வியாழக்கிழமை போவோம். நானும் வர்றேன்... பஸ் ஸ்டாண்டுல நில்லு.”

இன்னைக்கு சவரி அங்கதான் வேலை பார்க்குறான். மக படிப்பும் முடிஞ்சுது.

நான் சைட்டைக் குறை சொல்லல. அது இல்லேன்னா ஜபருல்லாவுக்கு சேதியே தெரிஞ்சிருக்காது. சேதி கொண்டு வர்றதோட கார்டு வேலையும் முடிஞ்சுது, சைட்டு வேலையும் முடிஞ்சுது. கூடப் போய் பஸ் ஏறுறது யார் வேலை? நம்ம வேலை. அதைத்தான் நாம விட்டுட்டோம்.

அந்த நாப்பத்திமூணு பேர் இந்த ஹால்லதான் இருக்கோம். கை தூக்கச் சொல்லல, பயப்படாதீங்க. நான் மட்டும் தூக்கிக்கிறேன்... அந்தப் பூங்கொத்து அனுப்புனது நான்தான். எந்த நேரத்துல அனுப்பினேன்னுகூட ஞாபகம் இல்ல. மன்னிச்சுக்கடா சவரி. இனிமே நம்மள்ல எவனாவது கன்சல்டன்ட் ஆனா, முதல் ஃபோன் என்னுதா இருக்கும்.