ரேடியோவுக்குக் காவல் வைத்த நாய்

1956ம் வருஷம் மே மாதம் 10ந் தேதி, திருவள்ளூர் போலீஸ் ஸ்டேஷனில், ஹெட் கான்ஸ்டபிள் துளசிராமன் எழுதிக்கொண்டது.

என் பெயர் ஹனீப். வயது முப்பத்தொன்று. தகப்பனார் பெயர் சலாஹுதீன், காலமாகிவிட்டார். பூர்வீகம் பழவேற்காடு. இப்போது பொன்னேரி தாலுகா கவரைப்பேட்டையில் ஸ்டேஷன் ரோட்டில் என் தாயார் சைதாவுடன் குடியிருக்கிறேன். கார்களுக்கு ரேடியோ பொருத்துவதும், கல்யாணம் திருவிழாவுக்கு மைக் செட்டு வாடகைக்கு விடுவதும் என் தொழில். இதற்கு முன் என் மேல் எந்தக் கேசும் கிடையாது. கும்மிடிப்பூண்டி ரைஸ் மில் முதலாளி ராஜமாணிக்கம் என் மேல் கொடுத்திருக்கும் பிராதைப் படித்துக் காட்டினார்கள். அவருடைய காரின் கண்ணாடியை உடைத்தேன், ரேடியோவைத் திருடினேன், அதைத் தரையில் போட்டு நாசம் செய்தேன், அவருடைய நாயையும் தூக்கிக்கொண்டு போனேன் என்று அதில் கண்டிருக்கிறது. கண்ணாடியை உடைத்தது நான்தான். மற்றதெல்லாம் பொய். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், குறுக்கே கேட்காமல் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேற்படி முதலாளியின் கார் டிரைவர் ஜெயராஜ் எனக்குச் சில வருஷமாகச் சிநேகிதன். மில்லுக்குப் பின்னால் கார் ஷெட்டை ஒட்டிய அறையில் மனைவி விக்டோரியாவுடன் இருக்கிறான். ஒரு நாள் நானும் அவனும் கவரைப்பேட்டை ரோட்டில் வரும்போது, லாரியில் அடிபட்டுக் கிடந்த தாய் நாயின் பக்கத்தில் ஒரு குட்டி கத்திக்கொண்டிருந்தது, அதை எடுத்து வந்தோம். அதன் பிறகு யார் வளர்ப்பது என்ற பேச்சு வந்தது. என் தாயார் தொழுகிற வீட்டில் நாயைச் சேர்க்க முடியாது. ஆகையால் அவனுடைய ஷெட்டில் அது இருப்பதென்றும், அதன் தீனி என் பொறுப்பென்றும் பேசிக்கொண்டோம். "ஊடு என்னுது, சோறு உன்னுது, நாயி நம்ம ரெண்டு பேருதும்டா" என்று சொன்னவன் ஜெயராஜ். நான் சொல்லவில்லை, அவன் வாயால் சொன்னான். டைனமோ என்று பெயர் வைத்தது நான். அது வாலைச் சுற்றுகிற வேகத்தைப் பார்த்து வைத்த பெயர்.

கடையை மூடியதும் சைக்கிளில் கும்மிடிப்பூண்டி போய்விடுவேன். ஜெயராஜின் அறையில் எனக்கென்று ஒரு பழைய சட்டை ஆணியில் தொங்கும். அதைப் போட்டுக்கொண்டு நாயோடு தரையில் உட்கார்ந்திருப்பேன், அது முகத்தை நக்கினாலும் விட்டுவிடுவேன். அதன் பிறகு எங்கள் மார்க்கத்தில் சொன்னபடி ஏழு தரம், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால், கழுவிக்கொண்டு, என் சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். கழுவுவதை நான் ஒரு நாளும் பாரமாக நினைத்ததில்லை. ஆனால் கவரைப்பேட்டையில் யார் கேட்டாலும் அது ஜெயராஜின் நாய் என்றே சொல்லி வந்தேன். எங்கள் தெருவில் நாய் வளர்ப்பவன் என்று பெயர் எடுத்தால் என் தாயார் வெளியே தலைகாட்ட முடியாது.

மாசி மாதம் ராஜமாணிக்கம் ஒரு பழைய மாரிஸ் கார் வாங்கி, அதற்கு ரேடியோ பொருத்தும்படி என்னிடம் சொன்னார். ஷெட்டிலேயே வைத்து வேலை செய்தேன். டாஷ் போர்டுக்குக் கீழே ரேடியோ செட்டும், பின் சீட்டுக்குப் பின்னால் ஸ்பீக்கரும், முன்னால் மட்கார்டின் மேல் ஏரியல் கம்பியும் வைத்தேன். இன்ஜினைக் கிளப்பினால் பாட்டோடு கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. அது இன்ஜினின் ஸ்பார்க் பிளக்கிலிருந்து வருகிற சத்தம். அதை ஒழிக்க ஜெயராஜ் இன்ஜினை ஓட்டுவான், நான் தலையை உள்ளே விட்டுக்கொண்டு கேட்பேன், மறுபடி கழற்றுவேன், மாட்டுவேன். அந்த வேலை நடந்த நாளெல்லாம் டைனமோ முன் சீட்டில் என் சாமான்களுக்கு நடுவே படுத்திருந்தது. கடைசியில் சத்தம் போய்ப் பாட்டு மட்டும் சுத்தமாக வந்தபோது ஜெயராஜ் அதன் முன்கால்களைப் பிடித்துக்கொண்டு ஷெட்டுக்குள் ஆடினான். அந்த ஷெட்டில் இருந்த சந்தோஷம் எனக்கு வேறெங்கும் இருந்ததில்லை. இது கேசுக்குச் சம்பந்தமில்லை என்று ஹெட் கான்ஸ்டபிள் சொல்கிறார், எனக்குச் சம்பந்தம் இருக்கிறது, எழுதவும்.

அதன் பிறகு, என் கையும் ஜெயராஜின் கையும் தவிர வேறு கை அந்தச் செட்டின் பக்கம் வந்தால் நாய் உறுமும். முதலாளி திருகப் போனபோதும் உறுமியது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "செட்டுக்கு நல்ல காவல்டா இது" என்றார். பொன்னேரியில் யாருடைய காரிலிருந்தோ ரேடியோவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்கு நிம்மதி கிடையாது. அன்று முதல் கார் எங்கே போனாலும் நாயும் போக வேண்டும் என்று உத்தரவு போட்டார். நாய்க்குச் சவாரி கிடைக்கிறதே என்று நாங்கள் இரண்டு பேரும் பல்லை இளித்துக்கொண்டிருந்தோம்.

இன்று அமாவாசை. வீரராகவர் கோயில் குளத்தில் வேண்டுதலுக்காக வெல்லம் கரைக்க வந்த கூட்டத்துக்காகக் குளக்கரையில் தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். மைக் செட்டு என்னுடையது. காணாமல் போன பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரம்ஜான் மாதம், நான் நோன்பு வைத்திருந்தேன். அக்னி நட்சத்திர வெயிலில் தார் ரோடு செருப்போடு ஒட்டியது. உச்சி வேளையில், கரையில் காணிக்கைக்கு உப்பும் மிளகும் விற்கிற சின்னப்பொண்ணு என்கிற அம்மாள் என்னிடம் ஓடி வந்தாள்.

"யாரு காருன்னு தெர்ல நைனா. கண்ணாடியெல்லாம் ஏத்தி வுட்டுப் பூட்டிக்கினு பூட்டாங்க. உள்ள ஒரு நாயி நாக்கு தொங்கிக்கினு கீது. மைக்குல சொல்லு" என்றாள்.

என்ன கார் என்று கேட்டேன். கறுப்புக் கார், முன்னால் ஒரு வெள்ளைக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது என்றாள். இந்தப் பக்கத்தில் அப்படிக் கம்பி வைத்த கறுப்புக் கார் ஒன்றுதான் எனக்குத் தெரியும். கும்மிடிப்பூண்டி ராஜமாணிக்கம் அவர்கள் உடனே தம் காருக்கு வரும்படி மைக்கில் சொன்னேன், மறுபடியும் சொன்னேன், அதன் பிறகு மரியாதையை விட்டுவிட்டு, "காருக்குள்ள உசுரு போவுது, சாவிய எட்த்துக்கினு வாய்யா" என்று கத்தினேன். மைக் செட்டின் ஹாரனை மேலே கட்டியது நான். கோயிலுக்குள் வரிசையில் நிற்பவர்களுக்கும் கேட்கும் என்று எனக்குத் தெரியும். கேட்கவில்லை என்று அவர் பிராதில் சொல்லியிருப்பது பச்சைப் பொய்.

அதன் பிறகு காரிடம் ஓடினேன். நிழல் இல்லாத இடத்தில் நின்றிருந்தது. கண்ணாடியின் உள்பக்கம் முழுவதும் எச்சில் வழிந்திருந்தது, கதவுத் துணி நகத்தால் கிழிந்திருந்தது. நாய் முன்பக்கம் செட்டுக்கு அடியில் கிடந்தது. என்னைக் கண்டு எழுந்திருக்கப் பார்த்தது, கால் நிற்கவில்லை. அந்த நேரம் கோயில் பக்கமிருந்து ஜெயராஜ் தனியாக ஓடி வந்தான்.

"சாவி எங்கடா?" என்றேன்.

"மொதலாளி மடில கீது. சாமியப் பாத்துட்டு வரேன், நாயிக்கு இன்னா அவ்ளோ அவசரம்ன்றாரு."

"கண்ணாடிய யார்ரா ஏத்துனது?"

அவன் பூட்டிய கதவைப் பிடித்து இழுத்தான். மறுபடியும் கேட்டேன்.

"நாந்தான். கொஞ்சம் எறக்கி வுட்டேன் ஹனீபு. சந்துல எவனாச்சும் கைய வுட்டு செட்ட எட்த்துக்குவான், முழுசா ஏத்துன்னாரு. ஏத்திட்டேன்" என்றான். நான் இடுப்பில் செருகியிருந்த ஸ்பானரை எடுத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒடைக்காதடா, என் வேலை பூடும். விக்டோரியா மாசமா கீறா" என்றான். அவன் கையைத் தட்டிவிட்டுக் கண்ணாடியை உடைத்தேன்.

நாயை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு பந்தலுக்குப் போனேன். அதன் வாயில் வந்த நுரை என் சட்டையில் இன்னும் இருக்கிறது. சின்னப்பொண்ணு பானையிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்ற, நான் அதன் வயிற்றையும் காதையும் நனைத்து, துணியை நனைத்துச் சொட்டுச் சொட்டாக நாக்கில் விட்டேன். கவரைப்பேட்டை பஜாரிலிருந்து வந்திருந்த எங்கள் ஆட்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நோன்பு வெச்சிக்கினு நாயக் கட்டிப்புடிச்சிக்கினு குந்திக்கினு கீறியே, இன்னாடா இது?" என்றார் ஒருவர். குந்திக்கொண்டுதான் இருக்கிறேன், போய் ஊரெல்லாம் சொல்லுங்கள் என்றேன். வெகு நேரம் கழித்துத்தான் அது தானாகத் தண்ணீர் குடித்தது.

அதன் பிறகு நாயைச் சின்னப்பொண்ணுவிடம் விட்டுவிட்டுக் காருக்குத் திரும்பிப் போய், போல்ட்டுகளைக் கழற்றிச் செட்டை வெளியே எடுத்தேன். திருடுவதற்கு எடுக்கவில்லை. அந்தச் செட்டு அங்கே இருக்கிறவரை நாளைக்கும் இதே நாயை, இது செத்தால் இன்னொரு நாயை, அதற்குள் வைத்துப் பூட்டுவார்கள் என்பதால் எடுத்தேன். திருடுகிறவன் கூட்டத்துக்கு நடுவில், சொந்தக்காரர் வரும்வரை நின்றுகொண்டிருக்க மாட்டான். ராஜமாணிக்கம் நெற்றியில் திருமண்ணோடும் கையில் துளசியோடும் வந்தார். நாய் உயிரோடு இருக்கிறதா என்று கேட்கவில்லை. "செட்ட இன்னாடா பண்ணே?" என்றார்.

"இந்தா, நீயே காவல் காத்துக்கோ" என்று அவர் இரண்டு கையிலும் வைத்தேன். வாங்கிக்கொண்டார். வாங்கியவர் ஐயோ என்று அலறிக் கீழே போட்டுவிட்டார். அந்தத் தகரம் அவ்வளவு சூடு. அதைத் தூக்கிய என் உள்ளங்கையில் கொப்புளம் இருக்கிறது, ஹெட் கான்ஸ்டபிள் பார்த்தார். கண் இமைக்கிற நேரம் அவரால் பிடிக்க முடியாத சூட்டில் அவர் ஒரு உயிரைப் பூட்டி வைத்துவிட்டுச் சாமி கும்பிடப் போயிருந்தார். செட்டு உடைந்தது அவர் கையிலிருந்து விழுந்து. அப்போது நான் சிரித்தேன், அது குற்றம் என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளவும்.

அதன் பிறகு எங்களை எல்லாரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டு வந்தார்கள். நாயைப் பின்னால் வேப்பமரத்தடியில் கட்டியிருக்கிறார்கள். நாய் யாருடையது என்று சப்-இன்ஸ்பெக்டர் ஐயா ஜெயராஜைக் கேட்டார். ஜெயராஜ் முதலாளியின் முகத்தைப் பார்த்தான். "மொதலாளி நாயிங்க. அவங்க ஊட்டு சோத்துல வளந்ததுங்க" என்றான். அவன் வேலை போய்விடும் என்று பயந்தவன், வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள், எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் என் வயிறு எரிகிறது. ராஜமாணிக்கத்துக்கு நாய் ஒரு பூட்டு. அவர் மேல் உள்ள கோபம் கண்ணாடியோடு போய்விடும். ஜெயராஜ் அதைத் தன் மடியில் போட்டுத் தூங்க வைத்தவன், அந்தக் கையாலேயே கண்ணாடியை ஏற்றினான், அதே வாயால் அது தன்னுடையது இல்லை என்கிறான். அவன் மேல் உள்ள கோபம் எனக்குத் தீராது.

நாய் முதலாளியுடையது என்றால் இன்றே அவரிடம் ஒப்படைத்துவிட வேண்டியதுதான் என்று சப்-இன்ஸ்பெக்டர் ஐயா சொன்னார். உனக்கு அதில் என்ன பாத்தியதை என்றும் என்னைக் கேட்டார். அதன் பிறகு, திருவள்ளூர் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் என் தாய்மாமன் நூர் அகமது, எனக்கு ஜாமீன் நிற்க வந்தார். அவர் மகள் கமர் நிஷாவை எனக்குப் பேசியிருக்கிறது, பெருநாள் கழிந்து நிக்காஹ். நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம் கொண்டு வந்திருந்தார். ஹெட் கான்ஸ்டபிள் தண்ணீர் கொடுத்தார். நான் குடித்து முடித்ததும் மாமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எவன் நாயோ, வாயில்லா ஜீவன்னு பாவம் பாத்தேன்னு சொல்லிட்டு வா. உன்னுதுன்னு மட்டும் சொல்லாதே. கோர்ட்டுல எல்லார் எதிர்லயும் படிப்பாங்க. அப்பறம் எங்கூட்டு வாசப்படிய நீ மிதிக்க வேணாம்" என்றார்.

எழுதி முடித்ததை ஹெட் கான்ஸ்டபிள் எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார், மாமாவும் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். முதல் தாளின் மேல் ஓரத்தில் "ராஜமாணிக்கத்துக்குச் சொந்தமான நாய்" என்று எழுதியிருந்த இடத்தை அடிக்கச் சொன்னேன். யாருடையது என்று போடுவது என்று ஹெட் கான்ஸ்டபிள் கேட்டார். என் நாய், ஹனீபின் நாய் என்று போடச் சொன்னேன். மாமா எழுந்து போய்விட்டார். அடித்த இடத்திலும், இங்கே கடைசியிலும், நான் சொன்னது இதுதான், இதில் கூட்டவும் குறைக்கவும் ஒன்றுமில்லை என்று கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) ச. ஹனீப்