சமையற்கூடத்துக் குழிகளும் எங்கள் திஸிரியும்

மேடையில் இருக்கும் விடுதி இயக்குநர் ஐயா அவர்களே, ஆசிரியர்களே, திஸிரியைப் பெற்றவர்களே, பிள்ளைகளே, என்னோடு வெங்காயம் உரிக்கும் பெண்களே! நான் வர்தியா. விடுதிச் சமையற்கூடத்தில் வேலை. அதிகம் படிக்காதவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வியாழக்கிழமை மலைப்பாதையில் பேருந்து கவிழ்ந்து, மாணவர் பசுமைக் குழுவின் தலைவி திஸிரி போய்விட்டாள். இருபத்தொரு வயது. அவள் வெட்டிய உரக்குழிகளை வரும் ஞாயிற்றுக்கிழமை மூடப்போகிறார்களாம். அதற்குள் நான் பேசியாக வேண்டும்.

அவள் வரும் முன் என்ன செய்தோம்? மிச்சம் மீதியைப் பின்பக்கப் பள்ளத்தில் கொட்டிக் கொளுத்தினோம். புகையில் இருமி இருமிச் சமைத்தோம். யாராவது ஏனென்று கேட்டார்களா? இவள் கேட்டாள்! பத்துப் பிள்ளைகளோடு மண்வெட்டி தூக்கி வந்து குழி வெட்டினாள். வாசலில் நிற்கும் ஒலிவ மரங்கள் அந்தக் குழி உரத்தில் இந்த வருடம் காய்த்தது போல் என்றாவது காய்த்ததுண்டா?

முதல் நாளே ஒரு தப்பு செய்தாள். காய்த் தோலோடு மீந்த ரொட்டியையும் கொட்டி, ஏறி மிதித்தாள். ரொட்டி காலில் பட்டாலே எங்களுக்குப் பாவம். நான் கத்திவிட்டேன். "அடிப்பாவி, ரொட்டியையா மிதிக்கிற? உங்க வீட்ல இதான் சொல்லிக் குடுத்தாங்களா?"

முகம் வெளிறிவிட்டது அவளுக்கு. "ஐயோ அக்கா, வேகத்துல மறந்தே போயிட்டேன்!" குழிக்குள்ளேயே குனிந்தாள். ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி, துடைத்து, முத்தமிட்டு, நெற்றியில் வைத்து என் கையில் தந்தாள். மறுநாளே ரொட்டிக்கென்று தனிப் பை மாட்டினாள். ஆடு வளர்ப்பவர்கள் வந்து எடுத்துப் போனார்கள். படித்த திமிர் துளியாவது இருந்ததா?

பிறகு, குழியில் எலி வருகிறதென்று புகார் எழுதிய ஒரு காகிதம் சமையற்கூடத்துக்கு வந்தது. எங்கள் ஒவ்வொருத்தியிடமும் நீட்டி, கைநாட்டு வை என்றார்கள். என்னவென்று கேட்காமலே வைத்தேன். திஸிரிதான் அதைப் படித்துக் காட்டிச் சிரித்தாள். "எலியா? எங்கேக்கா, எனக்கும் ஒண்ணு புடிச்சுக் காட்டேன்!"

நான் அழுதேன்.

"அட விடுக்கா. பொய்யினு சொன்னா உன் வேலை போயிடும். மூணு புள்ளைங்கள வச்சிருக்க. நான் பாத்துக்கறேன்."

விசாரணையில் பழி முழுக்க அவள் மேல் விழுந்தது. என் பெயரை அவள் சொல்லவேயில்லை. ஒழுங்கை மீறியவள் என்று எழுதிவைத்து, குழிகளை மூடவும் உத்தரவு போட்டார்கள். அவளைப் பெற்ற தாயே, தலையை நிமிர்த்து! இப்படி ஒரு பெண்ணை வேறு யார் பெற்றார்கள்?

இயக்குநர் ஐயா, அவள் சொல்லாததை நான் சொல்கிறேன். குழியில் எலி இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. அந்தக் கைநாட்டு என்னுடையது, அது பொய். வேலை போனால் போகட்டும்.

நசீமா, ஏன்டி உட்கார்ந்திருக்கிறாய்? நீயும் வைத்தாய்தானே? எழுந்திரு. எல்லோரும் எழுந்திருங்கள்!

திஸிரி, ஞாயிற்றுக்கிழமை காலை உருளைக்கிழங்குத் தோலை உன் குழியில்தான் கொட்டுவோம். மண் தள்ள வருகிறவர்கள் முதலில் எங்களைத் தள்ளட்டும்.